ஆமை புகுந்த ஆபீஸ்

சென்ற இதழில் இப்பகுதியில், ஊருக்குத் தீபாவளிப் பார்சல் அனுப்பும் அன்பர்கள் முகவரியை இரண்டு மொழிகளில் எழுதவேண்டியதன் அவசியத்தைக் கூறியிருந்தோம். அதனைப் படித்து நான்கு அன்பர்கள் கடிதம் எழுதியிருக்கின்றனர். அவர்களுக்கு நம் நன்றி. இம்மாதம், சேதமடைந்த பார்சலுக்கு நஷ்டஈடு கோரும் முறையை விளக்குவதாக வாக்களித்திருந்தோம். அதனை ஒரு மாதம் தள்ளிவைக்க நேர்ந்ததற்குப் பொறுத்தருள வேண்டும். சென்ற வாரம் நம் பெயருக்குக் கோர்ட்டிலிருந்து ஒரு சம்மன் வந்திருக்கிறது. மனம் அதிலேயே நிற்கிறது.

விஷயம் சென்ற ஆண்டு மார்கழியில் தொடங்கியது. விடியற்காலை நான்கரை மணி இருக்கும். மேற்கேயிருந்து ஹௌரா நோக்கிச் செல்லும் விரைவு வண்டி ஒன்று, மூடுபனி காரணமாக மூன்று மணி நேரம் தாமதித்து வந்து நின்றது. நாம் பணிபுரியும் ஜங்ஷனின் பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கு நடக்கிறது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம், உத்தியோகத்தில் இருக்கும் அன்பர்களுக்குச் சொல்லாமலே விளங்கும். ரயில்வே பாதுகாப்புப் படையினர், பொதுப் பெட்டியின் இருக்கைகளுக்கு அடியிலிருந்து ஏழு சாக்கு மூட்டைகளை இழுத்து நடைமேடையில் போட்டனர். மூட்டைகளெல்லாம் நனைந்திருந்தன. அவற்றுக்கு உரியவர் என்று நடுத்தர வயதுடைய ஓர் அம்மாளையும் இறக்கினார்கள். எடை தெரியவேண்டும் என்பதற்காக மூட்டைகள் நம் பார்சல் ஆபீசுக்கு வந்து சேர்ந்தன.

எடைபோடுவது நம் தொழில். பன்னிரண்டு ஆண்டுகளாக அதனையே செய்துவருகிறோம். முதல் மூட்டையைத் தராசு மேடையில் ஏற்றினோம். எண் ஓரிடத்தில் நிற்கவில்லை. பதினெட்டு, பதினேழே முக்கால், பதினெட்டேகால் என்று ஆடிக்கொண்டே இருந்தது. தராசு கெட்டுவிட்டதோ என்று மூட்டையை இறக்கிவிட்டுப் பார்த்தோம். சுழியத்தில் ஒழுங்காக நின்றது. மறுபடி ஏற்றினோம், மறுபடி ஆடியது. உள்ளே இருப்பது உயிர் என்பதை நமக்கு முதலில் அறிவித்தது அந்தத் தராசுதான்.

மூட்டைகளைப் பிரித்தபோது ஆமைகள். ஒன்றன்மேல் ஒன்றாக, தட்டுகளை அடுக்கியது போல அடுக்கிவைத்திருந்தார்கள். முதுகு ஓட்டில் மஞ்சள் புள்ளிகள். தமிழில் பாலாமை என்று இதனைக் கூறுவர். தலையையும் கால்களையும் உள்ளே இழுத்துக்கொண்டால், வயிற்று ஓட்டின் பின்புறத்திலுள்ள தோல் மடிப்புகள் கதவு போல மூடிக்கொண்டு பின்னங்கால்களை மறைத்துவிடும். ஏழு மூட்டைகளும் சேர்ந்து 126 கிலோ. எண்ணிப் பார்த்ததில் 183. அவற்றுள் 21 இறந்திருந்தன. ஆட்டைக் கட்டி இழுத்தால் கத்தும். கோழியைப் பிடித்தால் ஊரைக் கூட்டும். இவ்வளவு ஜீவன்கள் இருந்த அந்த அறையில், நகங்கள் சிமெண்டுத் தரையைச் சுரண்டும் ஓசையைத் தவிர வேறு ஓசையே இல்லை.

ஒன்பது மணிக்கு வன இலாகாவினர் வந்தனர். மகஜர் எழுதினர். சாட்சிக் கையொப்பத்துக்கு இருவர் வேண்டும் என்றனர். எடை போட்டவர் என்ற முறையில் நம்மை நோக்கினர். கையொப்பமிட்டோம்.

அன்று மாலை சங்கத்தில் இதனைக் கூறியபோது, ஓய்வுபெற்ற கார்டான ஒரு பெரியவர் தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்ப்பா, உனக்கு ஏன் இந்த வம்பு? ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுன்னு பெரியவங்க சும்மாவா சொல்லி வச்சாங்க?" என்றார். அமீனா என்பவர் கோர்ட்டு உத்தரவை எடுத்துக்கொண்டு ஜப்திக்கு வரும் சிப்பந்தி. இவ்வூரில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்காக இதனைக் கூறுகிறோம். அந்தப் பழமொழியிலுள்ள ஆமை பிராணியன்று, பொறாமை, முயலாமை, இயலாமை போன்ற ஆமைகளே என்று பொருள் கூறுவாரும் உண்டு. பொருள் எதுவாயினும் பெரியவரின் வாக்கு பாதி பலித்துவிட்டது. ஆமை சென்ற ஆண்டு புகுந்தது. சம்மன் இந்த ஆண்டு வந்தது.

இந்த ஆமைகள் எங்கிருந்து எங்கே போகின்றன? உத்தரப் பிரதேசத்தில் அமேதி, சுல்தான்பூர் முதலிய ஜில்லாக்களின் குளங்களிலும், எடாவா, மைன்புரிப் பக்கத்து ஆறுகளிலும் பிடிக்கப்படுகின்றன. வங்காளத்தை நோக்கி ரயிலிலும் லாரியிலும் வருகின்றன. குளிர்காலத்தில் இங்கே ஆமை மாமிசத்துக்கு விருப்பம் அதிகம். எல்லையைக் கடந்து வங்கதேசத்துக்குப் போவனவும் உண்டு. பெரிய கங்கை ஆமைகளின் கதை இன்னும் கொடியது. அவற்றின் ஓட்டு ஓரத்து மிருதுவான பகுதியை அறுத்து, வேகவைத்து, அப்பளம் போல உலர்த்திச் சிப்பமாக்கிக் கிழக்காசிய நாடுகளுக்குக் கள்ளத்தனமாக அனுப்புகின்றனர். சூப்புக்கும் மருந்துக்கும் அது ஆகுமாம். உலர்ந்த சரக்காகையால் அது அசைவதில்லை. எந்தத் தராசும் காட்டிக்கொடுக்காது.

2017ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் அமேதி ஜில்லாவில் ஒரே இடத்தில் 6,400க்கு மேற்பட்ட பாலாமைகளை உத்தரப் பிரதேசப் போலீசார் கைப்பற்றினர். எடை நாலு டன்னுக்கு மேல். பார்சல் கணக்கில் பழகிய நமக்கு அந்த எண்ணைப் படித்ததும் மூட்டைகள்தாம் கண்முன் நின்றன. நம் ஏழு மூட்டையைப் போல இருநூற்று நாற்பதுக்கு மேல் ஆகும். வனவிலங்கு வாணிபத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் என்னும் நிறுவனம் 2009 செப்டம்பர் முதல் 2019 செப்டம்பர் வரையிலான பத்தாண்டுச் செய்திகளைத் தொகுத்துக் கணக்கிட்டது. கள்ள வாணிபத்தில் அகப்பட்ட ஆமைகள் குறைந்தது 1,11,310 என்று கண்டது. வாரத்துக்கு இருநூறுக்கும் மேல். பதிவான சம்பவங்களில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் உத்தரப் பிரதேசத்திலும் மேற்கு வங்காளத்திலுமே நிகழ்ந்தவை. இவையெல்லாம் பிடிபட்டவற்றின் கணக்கு.

இப்பிராணி இந்த வாணிபத்துக்கு வாய்ப்பாக அமைந்ததற்குக் காரணம் அதன் பொறுமையே. கோடையில் குளம் வற்றினால் சேற்றுக்குள் புதைந்து, மழை வரும்வரை உணவின்றிக் கிடக்கும் இயல்பு படைத்தது. அந்த வலிமையினால்தான் ஈரச் சாக்கில் இரண்டு மூன்று நாள் கிடந்தும் உயிரோடு வந்து சேருகிறது. பனிக்கட்டி வேண்டாம், தீனி வேண்டாம், சத்தமும் போடாது. வள்ளுவர் அடக்கத்துக்கு ஆமையை உவமை காட்டினார். அந்த அடக்கத்தையே மூலதனமாக வைத்து ஒரு கூட்டம் பிழைக்கிறது.

ஆமை போனால் நமக்கென்ன என்று கேட்கும் அன்பர்களுக்குக் காசியைக் காட்டுகிறோம். 1986ஆம் ஆண்டில் தொடங்கிய கங்கைத் தூய்மைத் திட்டத்தில், ஆற்றில் மிதக்கும் பாதி எரிந்த பிணங்களையும் செத்த பிராணிகளையும் தின்று நீரைச் சுத்தம் செய்வதற்கென்றே ஆமைகளை வளர்த்துக் கங்கையில் விட்டனர். 1989ஆம் ஆண்டில் இராம்நகர்க் கோட்டையிலிருந்து மாளவியா பாலம் வரை ஏழு கிலோமீட்டர் நீளத்துக்கு ஆமைச் சரணாலயம் ஒன்றும் ஏற்பட்டது. காசி யாத்திரை சென்ற நம்மவர் எத்தனையோ பேர் ரயிலில் அந்தப் பாலத்தைக் கடந்து, காசு எறிந்து கும்பிட்டிருப்பர். கீழே ஆமைகளுக்கு ஒரு சரணாலயம் இருந்ததை அறிந்திருக்கமாட்டார்கள். 2020ஆம் ஆண்டில் அந்தச் சரணாலய அறிவிப்பு நீக்கப்பட்டுவிட்டது. ஒரு பக்கம் சர்க்கார் பணம் செலவிட்டு ஆமையை ஆற்றில் விடுகிறது; மறுபக்கம் சர்க்கார் ரயிலிலேயே ஆமை ஆற்றைவிட்டுப் போகிறது. பழைய கோயில் வாயில்களில் கங்காதேவி மகரத்தின்மீதும் யமுனாதேவி ஆமையின்மீதும் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அந்த யமுனைக் கரை ஜில்லாக்களிலிருந்துதான் பல மூட்டைகள் புறப்படுகின்றன.

வங்காளிகளைக் குறைகூறுவதற்காக இதனை எழுதவில்லை. சோறு போடும் நாட்டைத் தூற்றுவது நம் மரபன்று. இங்கே மூத்தவர்களுக்கு, ஆமை மாமிசம் கடைத்தெருவில் மீனோடு மீனாக வெளிப்படையாக விற்ற காலம் நினைவிருக்கிறது. அவர்களுக்கு அது கள்ளச் சரக்கன்று, பாட்டி கைமணம். நம் பக்கத்தில் மட்டும் என்ன வாழ்ந்தது? மன்னார் வளைகுடாவில் பிடித்த கடலாமைகளைத் தூத்துக்குடியில் அறுத்து, மாமிசத்தை விற்று, பச்சை இரத்தத்தை மருந்தென்று குடித்த காலமும் இருந்தது. சட்டம் வந்த பிறகும் அது உடனே நின்றுவிடவில்லை.

நம்மவர் ஒருவர் இந்த விஷயத்துக்காக வங்காளக் கரைக்கு வந்து நின்றதையும் சொல்லவேண்டும். சென்னைப் பாம்புப் பண்ணையில் பணியாற்றிய ஜே. விஜயா என்னும் இளம் பெண்மணி, தீகா கடற்கரையில் பங்குனி ஆமைகளைக் கூட்டங்கூட்டமாகக் கொன்று குவித்திருந்ததைப் படமெடுத்தார். 1982ஆம் ஆண்டில் அப்படங்கள் பத்திரிகையில் வெளிவந்தன. அன்றைய பிரதமர் இந்திரா காந்தி, ஆமைகளைக் காக்கும்படி கடலோரக் காவல் படைக்கு உத்தரவிட்டார். ஒரிஸ்ஸாக் கரையில் முட்டையிட வந்த அவ்வாமைகளும் கல்கத்தாச் சந்தைக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. விஜயா முப்பது வயது நிரம்புமுன் 1987இல் காலமானார். கேரளக் காட்டில் அவர் தேடிக் கண்ட ஓர் ஆமை இனத்துக்கு, விஞ்ஞானிகள் 2006ஆம் ஆண்டில் விஜயாகெலிஸ் என்று அவர் பெயரையே சூட்டினர். நம் சங்கத்து நூலகத்தில் அவரைப் பற்றி ஒரு துண்டுத் தாள்கூட இல்லை என்பதைச் செயலாளரின் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்.

1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் பாலாமையும் கங்கை ஆமையும் இருக்கின்றன. அதாவது, சட்டத்தின் முன் அவை புலிக்குச் சமம். பிடிப்பது, விற்பது மாத்திரமல்ல. வாங்குவதும் வைத்திருப்பதும் குற்றமே. தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாமல் ஏழு ஆண்டு வரை சிறை. அபராதம், 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, இருபத்தையாயிரம் ரூபாய்க்குக் குறையாது.

இந்த மூன்று ஆண்டு என்னும் சொல்தான் நம்மைத் தூங்கவிடாமல் செய்கிறது. அன்று காலை அந்த அம்மாள் நம் ஆபீஸ் பெஞ்சில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவர் காலில் செருப்பில்லை. மூட்டைகளை ஏற்றிவிட்டது ஓர் ஆள். ஹௌராவில் வந்து எடுத்துக்கொள்ளப் போவது வேறோர் ஆள். இருவர் பெயரும் தமக்குத் தெரியாது என்றார். தமக்குச் சுமைகூலியும் டிக்கெட்டும் மட்டுமே என்றார். அவர் கூறியது மெய்யா பொய்யா என்று தீர்மானிக்க நாம் யார்? ஆயினும் ஆபீஸ் பையன் கொடுத்த தேநீரை அவர் இரண்டு கையாலும் பிடித்துக் குடித்த காட்சி கண்ணை விட்டு அகலவில்லை. பல மாதங்கள் சிறையிலிருந்து பிறகு ஜாமீனில் வந்திருக்கிறாராம். ஏற்றிவிட்டவனையும் இறக்கிக்கொள்ள வந்தவனையும் இன்றுவரை பிடிக்கவில்லை. நாம் கோர்ட்டில் சொல்லப்போவது உண்மை: இத்தனை மூட்டை, இத்தனை கிலோ, இத்தனை உயிர். அந்த உண்மையின் எடை முழுவதும் செருப்பில்லாத அந்த ஒருவர் தலையில் இறங்கும்.

பெரியவர் இதனையும் சொல்லத் தவறவில்லை. "போய்ச் சொல்லு. அந்தப் பொம்பளை உள்ளே போவா. மொதலாளி அடுத்த வாரம் வேற ஒருத்திகிட்ட மூட்டையைக் குடுப்பான்" என்றார். மறுமொழி நம்மிடம் இல்லை. போகாதிருந்தால் மாத்திரம் முதலாளிக்கு என்ன நஷ்டம் என்று நம்மையே கேட்டுப் பார்த்தோம். அதற்கும் விடையில்லை.

நம் குற்றம் ஒன்று இதிலே உண்டு. அதனை மறைத்து எழுதினால் இந்தப் பகுதியைப் படிப்பவர்களை ஏமாற்றியதாகும். சென்ற ஆண்டு மார்கழிதான் அந்த ஈரச் சாக்குகளை நாம் முதன்முதலாகக் கண்டதென்று எண்ணிவிடவேண்டாம். குளிர்காலந்தோறும் பொதுப் பெட்டிகளின் வாயிலில் கண்டிருக்கிறோம். மீன் என்று எண்ணினோம்; உண்மையைச் சொன்னால், மீன் என்று எண்ணிக்கொள்ள விரும்பினோம். பயணியின் கைச்சுமை நம் பார்சல் புத்தகத்தில் ஏறாது. ஆகவே நம் பொறுப்பன்று என்று மனத்துக்குச் சமாதானம் கூறினோம். அன்றியும், இங்கே மாற்றலாகி வந்த முதல் ஆண்டில் சக ஊழியர் ஒருவர் வீட்டு விருந்தில், "இது இவ்வூர் விசேஷம்" என்று வைத்ததை என்னவென்று கேளாமல் உண்டோம். பக்கத்திலிருந்தவர் மறுநாள்தான் சொன்னார். அப்பொழுதும் சிரித்தோமேயன்றி வருந்தவில்லை. விருந்தளித்தவரைப் புண்படுத்தலாகாது என்ற நாகரிகம் நம்மை வாய் திறக்கவொட்டாமல் தடுத்தது. இத்தனை ஆண்டு கழித்துத் தராசு ஆடியபோதுதான் அந்த விருந்து நினைவுக்கு வந்தது.

இந்தக் குளிர்காலத்தில் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கும் அத்தகைய அழைப்புகள் வரும். "விசேஷ மாமிசம் வந்திருக்கிறது, உங்களுக்கும் ஒரு பங்கு வைக்கட்டுமா" என்று நம் அன்பர் ஒருவரை அவருடைய மீன்காரர் சென்ற மாதமே கேட்டிருக்கிறார். என்ன மாமிசம் என்று பெயர் கேட்பதில் மரியாதைக் குறைவு ஏதுமில்லை. வைத்தியரீதியாகவும் ஒரு சொல்: ஆமைகளின் உடலில் சால்மொனெல்லா என்னும் கிருமி இருப்பது சகஜம். குழந்தைகளுக்கு அதனால் நோய் வருகிறதென்று அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலேயே சிறு ஆமைகளின் விற்பனையைத் தடைசெய்துவிட்டனர். கள்ளச் சரக்கை எந்த வைத்தியரும் பரிசோதித்து முத்திரையிடுவதில்லை.

இன்னோர் அன்பர், புண்ணியம் என்று கருதி, தெருவில் விற்க வந்தவனிடம் இரண்டு ஆமைகளை விலைக்கு வாங்கிக் கங்கையில் விட்டதாகப் பெருமையோடு கூறினார். அவருடைய நல்லெண்ணத்தை மதிக்கிறோம். ஆனால் விற்றவனுக்கு அவரும் ஒரு வாடிக்கைக்காரரே. மறுவாரம் நான்கு கொண்டுவந்தானாம். குளத்து ஆமை ஓடும் ஆற்றில் பிழைக்குமா என்பதும் வன இலாகா பார்த்துச் சொல்லவேண்டிய விஷயம். ரயிலில் ஈரமான, அசையும் மூட்டையைக் கண்டால் தாமே பிரிக்கப் போகவேண்டாம். பயணியோடு சண்டையும் வேண்டாம். 139 என்ற எண்ணுக்குத் தொலைபேசியில் வண்டி எண்ணையும் பெட்டியையும் சொன்னால் போதும். அடுத்த நிலையத்தில் பார்ப்பார்கள். மூட்டையை ஏற்றிவிட்டுக் கையை வீசிக்கொண்டு நடந்து போகும் ஆளைக் கண்டால் அவன் அடையாளத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் வழக்கில் அகப்படாமற்போனவன் அவன்தான்.

அந்த 162 ஆமைகளையும், கோர்ட்டு அனுமதி பெற்று, வன இலாகாவினர் நீர்நிலையில் விட்டதாக அறிந்தோம். இறந்த 21ஐயும் கணக்கெழுதிப் புதைத்தனர். சாக்குகள் ஏழும் சாட்சியப் பொருளாக முத்திரையிட்டு வைக்கப்பட்டிருக்கின்றன.

வழக்கு அடுத்த மாதம் 14ஆம் தேதி விசாரணைக்கு வருகிறது. விடுப்புக்கு விண்ணப்பம் கொடுத்துவிட்டோம். வேண்டாம் என்று சொன்ன பெரியவரே, கோர்ட்டில் வங்காள மொழி பேசுவார்கள், உனக்கு அரைகுறைதான் தெரியும் என்று சொல்லி, தாமும் கூட வருவதாக நேற்று மாலை செய்தி அனுப்பினார். கேட்டதற்கு மாத்திரம் பதில் சொல்லவேண்டும் என்பது கோர்ட்டு மரியாதையாம். கேட்டாலும் கேட்காவிட்டாலும், ஏற்றிவிட்ட ஆள் ஒருவன் உண்டென்று அந்த அம்மாள் அன்று நம் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னதை நீதிபதியிடம் சொல்லிவிட்டு வருவதென்று இருக்கிறோம். நஷ்டஈட்டு விண்ணப்பத்தைப் பற்றி அடுத்த இதழில் எழுதுவோம்.